ஆளில்லாத மழை

மே 6, திங்கள்

கூரை இன்றும் ஒழுகியது. தையல் மெஷினை மறுபடி நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் தெருவில் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். ஒழுகுகிற இடத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள் என்றால், அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டு அதில் விழுந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஓட்டுல புதுசா பாசி பிடிச்சிருக்குடி ஜுரேமா. போன வாரம் இந்த வாசனை இல்ல."

"ஓடு மாத்தணும்னு அர்த்தம் அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

"இப்ப மாத்திடாதடி. என் வேலை முடியட்டும்."

வேலை என்றால் அந்த மழை. மத்தியானம் பெய்கிற நம் பெலெம் மழை. இந்த ஊரில் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்கு என்றா கேட்கிறார்கள்? மழைக்கு முன்னாடியா, மழைக்கு அப்புறமா என்றுதான் கேட்கிறார்கள். அந்த 'அப்புற'த்தின் வாசனையை அண்ணி ஒரு புட்டியில் அடைக்கப் போகிறாளாம். பெயரும் வைத்தாயிற்று: 'மழைக்கு அப்புறம்.'

சோப்புத் தொழிற்சாலையில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஜூன் முப்பதோடு விடுப்பு முடிகிறது. ஜூலை முதல் தேதி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே இவளுக்கு என்ன வேலை? துணி சோப்பில் லாவெண்டர் வாசனை சேர்ப்பது. "அந்த லாவெண்டர் ஜென்மத்துல ஒரு பூவைப் பாத்ததில்லடி" என்பாள். இப்படி ஒரு மூக்கு இத்தனை வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தது. நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

மே 8, புதன்

எஸ்மெரால்டினா டீச்சர் வந்தாள். சின்ன வயதில் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மொஸ்கேரோ தீவுக்குப் போன படகு வேண்டுமாம். படகு எங்கே கிடைக்கும்? வாசனை போதும் என்றாள். இதற்கு முன்பே அண்ணி அவளை மூன்று தடவை வரவழைத்து விசாரித்திருந்தாள். போலீஸ்கூட இப்படிக் கேட்காது. மேல் தட்டா, கீழ் தட்டா? அப்பா என்ன குடிப்பார்? பெஞ்சு மரமா, தகரமா? காலைத் தொங்கப் போட்டீர்களா, மடக்கிக்கொண்டீர்களா?

இன்று புட்டியைக் கொடுத்தாள். டீச்சர் முகர்ந்தாள். அப்படியே என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், ஊசி குத்தி வைத்திருக்கிற பஞ்சு மெத்தையின் மேலேயே. அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு. அண்ணியை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நாய் இருந்துச்சு மரினால்வா. படகுக்காரரோட நாய். எப்பவும் நனைஞ்சே இருக்கும்" என்றாள்.

"தெரியும் டீச்சர். வேணும்னுதான் விட்டுட்டேன். நனைஞ்ச நாயோட எப்படிக் கல்யாண வீட்டுக்குப் போவீங்க?"

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் போனபின் கேட்டேன், நாய் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. "காலை மடக்கி வச்சுக்கிட்டுதான் வருவேன்னு சொன்னாங்கல்ல? அப்பா பக்கத்துல இருக்கும்போது ஒரு குழந்தை எதுக்குடி காலை மடக்கணும்? கீழ என்னமோ இருந்திருக்கு."

இவளை என்ன செய்வது! கும்பிடவா, கிள்ளவா?

மே 9, வியாழன்

துறைமுகச் சந்தைக்குப் போனோம். அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்கும் வேர்ப் பொட்டலங்கள் பழசாகிவிட்டன. க்ளோட்டில்டே அக்கா கடையில் எப்போதும்போல மந்திரப் புட்டிகள் தொங்குகின்றன. காதல் கைகூட ஒன்று, வழக்கு ஜெயிக்க ஒன்று, ஓடிப்போன புருஷன் திரும்பி வர ஒன்று. மூன்றாவதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஓடினவன் ஓடினபடியே இருக்கட்டும் அக்கா. நான் நிம்மதியா தைச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவள் ப்ரிப்ரியோக்கா சீவிக்கொண்டிருந்தாள். ஆற்றோரக் கோரையின் கிழங்குதான். ஆனால் கத்தி பட்டதும் அந்த வரிசையே மணக்கும். சீவிக்கொண்டே அண்ணியைப் பார்த்து, "உன் மழை சென்ட்டுல இது எவ்வளவு போட்ட?" என்றாள்.

"ஒரு சொட்டுகூட இல்ல."

"இது இல்லாம பெலெமா? உப்பில்லாம மீன் வறுப்பியா நீ?"

"ஏர்போர்ட்ல விக்கிற அத்தனை புட்டியிலயும் இதான் இருக்கு அக்கா. ஊர் பாக்க வர்றவங்களுக்கு விக்கிற வாசனை. நான் செய்யறது மழை. அலமாரி இல்ல."

க்ளோட்டில்டே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எனக்குப் பொட்டலம் கட்டினாள். ப்ரிப்ரியோக்கா, வெட்டிவேர், இரண்டு கும்மாரு விதை. வீட்டுக்கு வந்ததும் பழசை எடுத்துவிட்டு வைத்தேன். படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஒன்று, ஊஞ்சல் படுக்கைகளுக்குள் ஒன்று, எங்கள் உடுப்புகளில் ஒன்று, அண்ணியின் காகிதக் கீற்றுக் கட்டின் மேல் ஒன்று. வாசனையைத் தொட்டுப் பார்க்கும் கீற்றுகள் அவை. மேஜையில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். வீட்டில் காய்ந்த இடம் அந்த அலமாரி ஒன்றுதான்.

மே 10, வெள்ளி

கடைசியாக ஒரு தடவை பார்த்தோம். அண்ணி கீற்றில் தொட்டுக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் சூடான கல்லில் சொட்டு விழுகிற வாசனை. அடுத்து மாவிலையைக் கிழித்த வாசனை, ஆற்றுச் சேறு, படகுக்குப் பூசும் தார், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் ஓய்ந்துவிடுகிறது. அரை மணி கழித்து, எல்லா வீட்டிலும் ஜன்னலைத் திறக்கிறார்கள்! அப்படி ஒரு வாசனை. உள்ளே யாரோ காபிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறார்கள் என்று தோன்றுகிறது. கீற்றைக் கையில் வைத்துக்கொண்டே அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவளே முழித்தாள். "தெரியலடி. தானா வந்துச்சு."

புட்டியைச் சின்னத் துணிப்பையில் போட்டு சாவோ பாலோவுக்கு அனுப்பிவிட்டோம். அங்கே வால்கீரியா என்று ஒரு அம்மாள் கடை வைத்திருக்கிறாள். பெரிய கம்பெனிச் சரக்கைத் தொடவே மாட்டாள். தனியாக உட்கார்ந்து வாசனை செய்கிறவர்களின் புட்டிகள் மட்டும்தான். அவள் எடுத்துக்கொண்டால் மற்ற ஊர்க் கடைகளும் கேட்கும். அண்ணி நீலச் சட்டை போட வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளாவிட்டால் லாவெண்டர்தான்.

மே 13, திங்கள்

என் அண்ணன் ஒஸ்மார் இழுவைப் படகிலிருந்து போன் செய்தான். "ஃபாக்டரியில அவ நாற்காலி காலியா இருக்காம். எதுக்கும் ஞாபகப்படுத்தி வை" என்றான். நல்லவன்தான். ஆனால் சில நாளைக்கு அவன் வாயைத் தைத்துவிடலாம் போலிருக்கிறது. மெஷினும் இருக்கிறது.

மே 22, புதன்

பதில் வந்துவிட்டது. அண்ணி மூன்று தடவை படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

"உங்கள் மழை அழகான மழை. ஆனால் ஆளில்லாத ஊரில் பெய்கிறது. யாரையாவது குடிவைத்து ஜூன் முடிவதற்குள் மறுபடி அனுப்புங்கள்."

ஆளில்லாத ஊரா! அந்த அம்மாளுக்கு மூக்கில் சளி! காபிக்குத் தண்ணீர் வைப்பதுவரை எனக்குத் தெரிகிறதே! கீற்றை எடுத்து மறுபடி தொட்டு முகர்ந்தேன். இருக்கிறார்கள். எல்லோரும் இருக்கிறார்கள். அண்ணியும் முகர்ந்தாள். "எனக்கும் இருக்குடி. அவங்களுக்கு ஏன் இல்ல?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டாள்.

மே 23, வியாழன்

அண்ணி மேஜைப் பக்கமே போகவில்லை.

மே 26, ஞாயிறு

மக்காப்பாவில் என் கூடப்பிறந்த அக்கா சுலெய்டேவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நான் போய்த்தான் ஆக வேண்டும். இந்த நேரம் பார்த்தா? அண்ணியைத் தனியாக விட மனசே இல்லை.

சின்னச் சாம்பிள் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் கீற்றுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். அண்ணி பார்த்துவிட்டு, "அங்க எதுக்கு அது? ஆத்துல போடவா?" என்றாள். "அக்கா வீட்டுல மோந்து பாத்துக்கிட்டு இருப்பேன். என் இஷ்டம்" என்றேன். நேற்று அந்த நீலச் சட்டையை எடுத்து அவள் பட்டன் சரிபார்த்ததை நானும்தான் பார்த்தேன்.

மே 28, செவ்வாய்

மக்காப்பா. படகில் வந்த நேரமெல்லாம் சுகம். என் ஊஞ்சல் படுக்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்து ஊஞ்சல் பாட்டுக்காரன் நிறுத்தவே இல்லை, நானும் சண்டைக்குப் போகவில்லை. அவ்வளவு நிம்மதி. இறங்கும்போது பலகையில் கால் வழுக்கியது. நான் பிழைத்தேன். மூட்டை ஆற்றில். கைப்பை மட்டும் தோளில் இருந்தது.

ஒரு புண்ணியவான் கொக்கி போட்டு மூட்டையை எடுத்துக் கொடுத்தான். சேறும் மீன் நாற்றமுமாக இருந்த அத்தனையையும் அக்கா மருமகள் துவைக்கிற மெஷினில் போட்டுவிட்டாள். இப்போது எல்லாம் பபிள்கம் வாசனை அடிக்கிறது. அக்காவின் பீரோவைத் திறந்தால் அந்துருண்டை. நான் அவள் நைட்டியில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

இதை ஒன்றுவிடாமல் ஒழுங்காக எழுத வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்து விட்டிருந்தது. வீட்டு ஞாபகம் வந்தது. புட்டியை எடுத்து அவள் துண்டில் ஒரு சொட்டு விட்டேன். அது சமையலறைத் துண்டு, வெறும் சோப்பில் துவைத்தது.

கல் வந்தது. இலை வந்தது. சேறு, தார். ஓய்ந்தது. காத்திருந்தேன். அரை மணி. ஒரு மணி. ஒருத்தரும் ஜன்னலைத் திறக்கவில்லை. கல்லும் தண்ணீரும் மட்டும். யாருமே இல்லை. அந்த அம்மாள் எழுதியது அப்படியே இருந்தது!

புட்டி கெட்டுப்போய்விட்டதா? கைப்பையிலிருந்து கீற்றை எடுத்து அதில் தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் திறந்தது. சரியாக அரை மணியில் திறந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. நான் மக்கு. இன்னொரு கீற்றை உருவினேன், ஒன்றும் தொடாத வெறும் கீற்று. ஏன் உருவினேனோ, அதை அப்படியே மூக்கில் வைத்தேன்.

எங்கள் வீடு. வெறும் காகிதத்தில் எங்கள் வீடு. அலமாரிக் கதவு, மடித்த விரிப்பு, ஒஸ்மாரின் சட்டை, க்ளோட்டில்டே அக்காவின் வேர்ப் பொட்டலம். வருஷக்கணக்காக அதற்குள்ளேயே இருக்கிறோம். பெலெமில் எந்த வீட்டு அலமாரியில்தான் வேர்ப் பொட்டலம் இல்லை? அது ஒரு வாசனை என்றே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று. அண்ணிக்கு உலகத்தில் இல்லாத மூக்கு, அதற்கும் தெரியவில்லை!

அக்கா கண் விழித்துப் பார்த்து, "என்னடி, வெறும் பேப்பரை மோந்து பாத்து அழற? எனக்குத்தானே ஆபரேஷன்?" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

போனில் சொன்னேன்.

"அண்ணி, அந்த அம்மா எழுதினது சரிதான். மழையில ஆள் இல்ல."

"அதைச் சொல்லவா காசு செலவழிச்சுக் கூப்பிட்ட?"

"ஆளெல்லாம் நம்ம அலமாரியில இருக்காங்க அண்ணி."

அலமாரிக் கதவு கிரீச்சிடுவது கேட்டது. பிறகு மெதுவாக, "கீற்று..." என்றாள்.

"ஆமா."

"என் ரவிக்கை."

"ஆமா அண்ணி."

"கைக்குட்டை. துண்டு. உன் துணிப்பை. எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"போடி!" என்று வைத்துவிட்டாள்.

மழைக்கு அப்புறம் அவளே கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. ஆனால் கேட்டது இதுதான்: "க்ளோட்டில்டே மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?"

ஜூன் 7, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தேன். கதவு திறந்ததும் வாசனை முகத்தில் வந்து மோதியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டை முகர்கிறேன். காலடி வைக்கப் போனால், அண்ணி உள்ளேயிருந்து கத்துகிறாள்: "நில்லு! அங்கேயே நில்லு! உள்ள வராத!"

தூறல் வேறு. தலையில் மூட்டை. வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரணை.

"எது முன்னாடி வருது? வேரா, துணியா, மரமா?"

"மரம். அப்புறம் காய்ஞ்ச துணி."

"வேர்?"

"கடைசியில. லேசா. அடுத்த ரூம்ல யாரோ இருக்கிற மாதிரி."

"ஆணா பொம்பளையா?"

"அண்ணி, நான் நனையறேன்!"

"நனை. சொல்லு."

"பொம்பள. எதையோ மடிச்சுக்கிட்டு இருக்கா."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பதினைந்து நாள் துக்கம் முழுக்க அவள் முகத்திலிருந்து போயிருந்தது. மேஜையில் கோரைக் கிழங்குத் தைலம் இருந்தது. யாரிடம் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 8, சனி

காலையில் எழுந்தபோது வாசனை போய்விட்டது. வீடு மறுபடி வெறும் வீடு.

ஜூன் 11, செவ்வாய்

அலமாரி வாசனையை மழைக்குள் குடிவைப்பதை இங்கே உட்கார்ந்து செய்ய முடியாது. பொட்டலங்களை வெளியே வைத்தாலும் மரம் விடாது. அண்ணிக்குத் தைலம் தூக்கலா குறைச்சலா என்றே தெரியவில்லை. வாசனையே இல்லாத இடம் ஒன்று வேண்டும். இந்த ஊரில் அப்படி ஓர் இடமா? யோசித்து யோசித்து, கடைசியில் நான்தான் சொன்னேன்: பேங்க்கில் பணம் எடுக்கும் ஏசி அறை!

உடுப்புகளைத் தேங்காய் சோப்பில் வேகவைத்து எதிர்வீட்டுக் கொடியில் காயப்போட்டோம். புதுக் கீற்றுகள் பிஸ்கட் டின்னில். இரண்டு பேரும் போய் மெஷின் பக்கத்தில் நின்றோம். அண்ணி கீற்றைத் தொட்டு ஆட்டுகிறாள், நான் முகர்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் விலகி விலகிப் போகிறார்கள். காவலாளி ஜெனிவால்டோ வந்தான்.

"அம்மா, பணம் எடுக்கணுமா?"

"இல்லப்பா. மூக்குக்கு வந்தோம்."

"மூக்குக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். "என்ன இது, இங்க வேர்க் கடை போட்டிருக்கீங்களா?"

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடி! தூக்கலா இருக்கு!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.

ஜூன் 13, வியாழன்

இன்று ஜெனிவால்டோ ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிக்குக் கோபம். "ஏதாவது சொல்லுப்பா!" "என்னத்தம்மா சொல்றது? ஒண்ணும் அடிக்கலையே?" அவ்வளவுதான், முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். குறைத்தது அதிகமாகிவிட்டதாம்.

ஆனால் அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டைக் கால் சொட்டாக்கி, அதையும் சாராயத்தில் கரைத்து, அதில் ஒரு சொட்டு. வருஷம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்ற கிழங்கு அது. அதற்கு எவ்வளவு மரியாதை இப்போது! சாயங்காலம் தெருமுனைத் தக்காக்கா சூப்புக் கடை வழியாக வந்தோம். எனக்கு நாக்கு ஊறியது. அவள் பார்க்கவே இல்லை. அதில் போடும் கீரையில் நாக்கு மரத்துப்போனால் மூக்கும் மரத்துவிடும் என்று இந்த மாசம் முழுக்க அந்தச் சூப்பைத் தொடுவதில்லை. நான் அவள் எதிரிலேயே ஒரு கிண்ணம் குடித்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஒஸ்மார் வந்தான். புனித யோவான் திருவிழாவுக்கு லீவு. படகு வருகிற நேரத்துக்கு அண்ணி பிஸ்கட் டின்னோடு துறைமுகத்தில் நிற்கிறாள். நானும் கூட. வீட்டு வாசலைத் தொடுவதற்கு முன்னால் அவன் மூக்கு வேண்டும். இரண்டு மாசமாக டீசலை மட்டும் முகர்ந்த மூக்கு.

"என்ன, என்னை வரவேற்க பிஸ்கட்டா?" என்று இளித்துக்கொண்டே வந்தான்.

"பேசாத. கண்ணை மூடு. மோந்து பாரு."

அரை மணி முன்னாலேயே தொட்டு வைத்திருந்த கீற்று. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் முகர்ந்தான். கீற்றைத் திருப்பிக் கொடுத்தான். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான்.

"வா, வீட்டுக்குப் போலாம். சட்டை மாத்தணும்."

"வாசனை எப்படிடா இருந்துச்சு?" என்று நான் கத்தினேன்.

"எந்த வாசனை?"

அண்ணி அங்கேயே, மீன் கூடைகளுக்கு நடுவே, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பயந்துவிட்டான். "நான் என்ன சொல்லிட்டேன்? என்ன சொல்லிட்டேன்?" என்று என்னைக் கேட்கிறான். வாசனை தெரியாமல் வீடு மட்டும் தெரிந்திருக்கிறது அவனுக்கு. என் அண்ணன் வாயிலிருந்து இதைவிட நல்ல பேச்சு இதுவரை வந்ததில்லை என்று சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

அனுப்பியாயிற்று. துணிப்பை இல்லாமல்.

ஜூன் 23, ஞாயிறு

தெருவெல்லாம் திருவிழாப் புகை. க்ளோட்டில்டே அக்கா கடைக்கு நான் போகவில்லை, அண்ணியே போனாள். திருவிழாக் குளியலுக்கு மூலிகை வாங்க. ரொம்ப நேரம் கழித்து வந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் சிரிச்சா. அப்புறம் ஒரு கட்டு கூடப் போட்டுக் கொடுத்தா."

வேரும் இலையும் ஊறின தண்ணீரைக் கொல்லையில் ஒருவருக்கொருவர் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். துடைக்கக் கூடாது. காய்கிறவரை மனசில் ஒன்று நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒஸ்மார் தலை சொட்டச் சொட்ட, "ஒண்ணாந்தேதி பஸ்ஸுக்கு உன்னை எழுப்பணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லு" என்றான்.

"தெரியல" என்றாள் அண்ணி. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "எழுப்பினா எந்திரிக்கிறேன். ஆனா அந்த சென்ட் சரியா வந்துடுச்சு ஒஸ்மார். அது போதும்."

போதாது. எனக்குப் போதாது. நான் நினைத்துக்கொண்டது அந்த நீலச் சட்டையைத்தான்.

ஜூன் 28, வெள்ளி

வால்கீரியா அம்மாள் போன் செய்தாள். கடிதம் இல்லை, போன். அண்ணி கேட்கப் பயந்துகொண்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அதனால் நானும் கேட்டேன்.

கடையில் புட்டியைத் திறந்து கீற்றில் தொட்டு மேஜையில் வைத்திருக்கிறாள். பேச்சு வாக்கில் மறந்தும்போய்விட்டாள். உள்ளறையில் கடைக் கணக்கர் ஒருவர். வயதானவர், வாயே திறக்காதவராம். நம் பக்கம், ஓபிடோஸ்காரர். ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷம். அவர் எழுந்து கண்ணாடியோடு வெளியே வந்து, "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரும் வரலையே."

"இல்ல, எங்க ஊர்லேர்ந்து யாரோ வந்திருக்காங்க" என்று வாசல்வரை போய்ப் பார்த்தாராம்.

அந்த அம்மாள் அதைச் சொல்லிவிட்டு, ஆகஸ்டுக்குள் முதல் சரக்கு வேண்டும் என்றாள். வேறு என்னவெல்லாமோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டை எடுக்க அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள்.

"தெரியுதா அண்ணி?"

"இல்லடி. ஒண்ணும் தெரியல" என்றாள் உள்ளேயிருந்து. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை 1, திங்கள்

காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அண்ணி மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அடித்துவிட்டுப் பஸ் போய்விட்டது.

சாவோ பாலோவுக்குப் போகிற புட்டிகளுக்குத் துணிப்பை தைக்க வேண்டும். அலமாரியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்தேன். நல்ல கெட்டித் துணி, ஒரு வருஷமாக வேர்ப் பொட்டலத்தோடு கிடந்தது. கழுத்துப் பட்டையைப் பிரித்து, முதல் வெட்டு வெட்டினேன். கத்தரிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், கண் கலங்குவாள் என்று நான் காத்திருக்கிறேன்.

"ஏ ஜுரேமா! முதல்ல அதைத் தேங்காய் சோப்புல போட்டு வேகவைடி!"

அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரெல்லாம் நீலம்.